நான்கு முறை விட்டேன், நான்கு முறையும் திரும்பினேன்: சிகரெட்டை நிரந்தரமாக விடுவது எப்படி?

வெள்ளவத்தைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. கொழும்புக் கோட்டையில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். 19 ஆண்டுகளாகப் புகைத்து வருகிறேன்; இப்போது நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து வரை ஆகிறது. காலையில் எழுந்து முகம் கழுவியவுடன் முதலாவது. புகையிரத நிலையத்தின் மேம்பாலப் படிகளில் ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

எனது சிக்கல் விடுவதில் இல்லை. நான்கு முறை விட்டிருக்கிறேன். ஒருமுறை ஏழு மாதங்கள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பிறகு பெரியப்பாவின் மரணவீட்டில், இரவு பதினொரு மணிபோல, ஒழுங்கையில் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரைகளில் நாங்கள் சிலர் அமர்ந்திருந்தபோது, மைத்துனர் ஒருவர் பெட்டியைத் திறந்து ஒன்றைப் பாதி வெளியே இழுத்தபடி என்னிடம் நீட்டினார். அந்த ஒன்றுதான் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அலுவலகத்துக்கு அருகிலுள்ள கடையில் உதிரியாக ஒன்று வாங்கினேன், பிறகு இரண்டு. மூன்றாவது வாரம் முழுப் பெட்டி கையில் இருந்தது.

திடீரென நிறுத்துவது நல்லதா, குறைத்துக் குறைத்து நிறுத்துவது நல்லதா? நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோட்டின் ஒட்டுப்பட்டை போன்றவை உண்மையில் உதவுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, மாதங்கள் கழித்து வரும் அந்த ஒரு கணத்தை எப்படிக் கடந்தீர்கள்? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர் எழுதியது:

தம்பி, நான் விட்டு 11 ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் 26 ஆண்டுகள் புகைத்தவன், உங்களைப் போலவே பலமுறை திரும்பியவன். நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வியே முதற்கேள்வி என்று நினைப்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

விட்ட முதல் மூன்று நாட்களுக்குள் நிகோட்டின் உடலிலிருந்து பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது. எரிச்சல், தூக்கக் குறைவு, கவனம் சிதறுதல் ஆகியவை முதல் வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு வாரங்களில் தணிந்துவிடும். அதற்குப் பிறகு உங்களை இழுப்பது உடலன்று. பல ஆண்டுகளாகச் சிகரெட்டோடு சேர்த்துப் பழகிய இடமும் நேரமும் மனிதர்களும்தான். ஏழு மாதம் கழித்து உங்களைத் தோற்கடித்தது அந்த ஒழுங்கையும் அந்தக் கதிரையும் நீட்டப்பட்ட அந்தப் பெட்டியும் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

ஆகவே, விடும் நாளுக்கு முந்திய வாரத்தில் எதையும் குறைக்காமல் ஒரு வேலையை மட்டும் செய்யுங்கள். சிறு தாள் ஒன்றை மடித்து ரப்பர் பட்டியால் சிகரெட் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் பற்றவைப்பதற்கு முன்பு நேரம், இடம், பக்கத்தில் யார், ஏன் வேண்டியிருந்தது என்று நான்கே சொற்களில் குறியுங்கள். நான் செய்தபோது, ஒரு நாளின் பதினாறில் உடல் உண்மையாகக் கேட்டது ஐந்துதான் என்று தெரிந்தது. மீதி எல்லாம் தேநீர், பாடசாலை வாசல், பேருந்துக்குக் காத்திருத்தல், ஒரே ஒரு நண்பர். அந்தப் பட்டியல் கையில் இருந்தால், எந்தக் கணத்துக்கு எந்த மாற்றுச் செயல் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யலாம். ஆசை எழும் கணத்தில் யோசிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

உதிரியாக விற்பதுதான் நம் நாட்டில் திரும்பியவர்களுக்குப் பெரிய பொறி என்பது என் உறுதியான கருத்து. முழுப் பெட்டி வாங்க வேண்டியிருந்தால் கை ஒருமுறை தயங்கும். ஒன்றை வாங்கத் தயங்குவதில்லை. நான் செய்தது இது: வீதிமுனைக் கடை முதலாளியிடம் போய், 'இன்றிலிருந்து நான் கேட்டாலும் எனக்குத் தர வேண்டாம்' என்று நேராகச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து நான் உண்மையாகவே கேட்டுப் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் போத்தலைத் திறந்து ஓர் இஞ்சி டொபியை எடுத்து மேசையில் வைத்தார். அதை வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். ஆசை ஒருமுறை எழுந்தால் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடங்களில் அடங்கிவிடும் என்பதை அன்றுதான் நம்பினேன்.

மருந்தாளர் ஒருத்தி எழுதியது:

ஐயா, மேலே ஆசிரியர் சொன்னது பழக்கத்தைப் பற்றியது. உடலின் பக்கத்தை நான் சொல்கிறேன். எழுந்தவுடன் முதற் சிகரெட் என்று நீங்கள் எழுதியிருப்பது, உங்கள் உடல் நிகோட்டினை அதிகம் சார்ந்திருப்பதைக் காட்டுகிறது. மன உறுதியை மட்டும் நம்பி அந்த முதல் வாரங்களைக் கடப்பது வீண் துன்பம். மருந்தின் துணையோடு விடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நாளுக்குப் பத்துக்கு மேல் புகைப்பவர்கள் பொதுவாக 21 மில்லிகிராம் ஒட்டுப்பட்டையில் தொடங்கி, ஆறு வாரங்களுக்குப் பிறகு 14, பின்னர் 7 என இறங்குவார்கள். எழுந்து அரை மணித்தியாலத்துக்குள் புகைப்பவர்களுக்குச் சூயிங்கம்மில் 4 மில்லிகிராம் அளவே பொருந்தும். ஒட்டுப்பட்டை நாள் முழுவதும் சீரான அளவைத் தருகிறது. சூயிங்கம் திடீரென எழும் ஆசைக்கு உதவுகிறது. ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது அதிகம் பலன் தருகிறது.

சூயிங்கம் உதவவில்லை என்று என்னிடம் வந்து சொல்பவர்களில் பெரும்பாலோர் அதைச் சாதாரணச் சூயிங்கம்போல விடாமல் மென்றவர்கள். அப்படிச் செய்தால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். மெதுவாக மென்று, காரமோ கூச்சமோ தெரிந்தவுடன் நிறுத்தி, கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வையுங்கள். அது அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். ஒரு துண்டு அரை மணித்தியாலம்வரை வரும். மெல்லுவதற்குக் கால் மணித்தியாலம் முன்பிருந்து கோப்பி, பழச்சாறு போன்றவற்றைத் தவிருங்கள், ஏனெனில் வாயில் புளிப்புத்தன்மை இருந்தால் மருந்து உறிஞ்சப்படாது. இவை எல்லா மருந்தகங்களிலும் எப்போதும் இருப்பில் இருப்பதில்லை. ஆகவே வாங்கி வைத்த பிறகே விடும் நாளைக் குறியுங்கள். இதய நோயோ வேறு மருந்துகளோ இருந்தால் முதலில் வைத்தியரைக் காணுங்கள். வரெனிக்லின், புப்ரோப்பியன் என்ற மாத்திரைகளும் இருக்கின்றன. அவற்றை வைத்தியரின் பரிந்துரையோடுதான் எடுக்கலாம், விடும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

திடீரென நிறுத்துவதா என்று கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் 697 பேரிடம் செய்து 2016இல் வெளியான ஆய்வில், குறித்த நாளில் ஒரேயடியாக விட்டவர்களில் 22 சதவீதத்தினர் ஆறு மாதம் கழித்தும் புகைக்காமல் இருந்தனர். இரண்டு வாரம் குறைத்துக்கொண்டு வந்து விட்டவர்களில் அது 15.5 சதவீதம். இரு பகுதியினருக்கும் மருந்தும் ஆலோசனையும் கிடைத்தன. 'நாளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்' என்ற எண்ணத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள்: நாளுக்கு ஒன்று புகைப்பவருக்கு ஏற்படும் கூடுதல் இதய நோய் ஆபத்து, இருபது புகைப்பவருக்கு ஏற்படுவதில் ஏறத்தாழ பாதி என்பதை மருத்துவம் கண்டிருக்கிறது.

பலரும் அறியாத இன்னொன்று: புகையிலைப் புகை, கோப்பியிலும் தேயிலையிலும் உள்ள கஃபீனை உடல் வேகமாக எரித்துவிடச் செய்கிறது. புகைத்தல் நின்றதும் அதே ஐந்து கோப்பைத் தேநீர் உடலில் அதிக நேரம் தங்கி, படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். அது சிகரெட் இல்லாத குறை என்று நினைத்துத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. விட்ட நாளிலிருந்து தேநீரைப் பாதியாகக் குறையுங்கள்.

ஆலோசனைக்கு, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற தொலைபேசிச் சேவை இருக்கிறது.

பம்பலப்பிட்டி அக்கா எழுதியது:

என் கணவர் விட்டபோது நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். வாய்க்கு ஏதாவது வேண்டுமென்று அவர் வெற்றிலைக்கு மாறினார். நானும் நல்லதென்று நினைத்தேன். பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதையும், நம் நாட்டு ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய்தான் மிக அதிகம் என்பதையும் பல் வைத்தியர் சொன்ன பிறகே அறிந்தோம். பின்னர் சட்டைப்பையில் கராம்பும் விரல் நீளக் கறுவாத் துண்டும் வைத்துக்கொண்டார். கறுவாவைச் சிகரெட்போலவே இரு விரல்களுக்கிடையில் பிடித்திருப்பார். அந்த விரல்களுக்கும் ஏதோ ஒன்று தேவைப்பட்டது.

உங்கள் மனைவியிடமும் இதைச் சொல்லுங்கள்: முதல் மூன்று வாரங்கள் நீங்கள் சீறி விழுவீர்கள், அதை அவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், சட்டையை முகர்ந்து பார்த்துச் சோதிக்கவும் வேண்டாம்.

வெள்ளவத்தைவாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தாளைப் பெட்டியோடு கட்டிக்கொண்டு இன்று இரண்டாவது நாள். நேற்று பதின்மூன்று. அவற்றில் நான்கு, புகைக்காதவர்கள் மேசையில் இருக்க நாங்கள் மூவர் மட்டும் கீழே இறங்கிப் போகும் அந்தப் பத்து நிமிடங்களில். உண்மையில் எனக்கு வேண்டியது அந்தப் பேச்சுத்தான் என்று எழுதும்போதே தெரிந்தது.

வரும் 14ஆம் திகதியைக் குறித்திருக்கிறேன். ஒரு தயக்கம்: 23ஆம் திகதி தங்கையின் மகளுக்குத் திருமணம். அதே மைத்துனர் வருவார். நாளைத் திருமணத்துக்குப் பிறகு தள்ளிப் போடட்டுமா?

கொட்டாஞ்சேனை ஆசிரியர் எழுதியது:

தள்ளிப் போடாதீர்கள், தம்பி. அதற்குப் பிறகு இன்னொரு வீட்டில் இன்னொரு விசேஷம் வரும். இன்றே மைத்துனருக்குத் தொலைபேசி எடுத்து, 'நான் விடுகிறேன், அன்றைக்கு எனக்கு நீட்ட வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். பலர் நடுவில் மறுப்பதைவிட இது இலகுவானது. மண்டபத்துக்கு மனைவியோடு சேர்ந்தே போங்கள், பந்தியில் பரிமாறும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பிட்டு முடித்தவர்கள் வெளியே ஒதுங்கும் நேரத்தில் உங்கள் கையில் சாம்பார் வாளி இருக்கட்டும். 24ஆம் திகதி காலை இங்கே வந்து எழுதுங்கள். ஒன்றைப் புகைத்திருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள், அன்றே மறுபடி தொடங்குவோம்.