டாடாமொபைல் 206-ல் டர்போ: ஐடிலில் நின்றால் நீலப் புகை

நண்பர்களே, வண்டி 1996 டாடாமொபைல் பிக்கப், பெங்களூரு. அப்பாவின் வண்டி, அதனால் இன்ஜினை மாற்ற மனமில்லை. அதே 1948 சிசி 483 டீசல் இன்ஜின் பிளாக்கில் முதல் தலைமுறை சஃபாரியின் டர்போவையும் மேனிஃபோல்டையும் ஏற்றியிருக்கிறேன். பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) 0.6 பார். ஏற்றி ஆறு வாரம், 900 கிமீ ஓடியாச்சு.

தும்கூர் ரோட்டில் 80-ல் போனால் புகையே இல்லை. சில்க் போர்டு சிக்னலில் ஐந்து நிமிடம் ஐடிலில் நின்று கிளம்பினால் கெட்டியான நீலப் புகை, அதாவது ஆயில் எரிகிறது. அரை கிலோமீட்டரில் தெளிந்துவிடும். டர்பைன் பக்கம் ஆயில் ஈரம், கம்ப்ரசர் ஹோஸிலும் கொஞ்சம்.

கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் 28 பாருக்குப் பக்கம், வித்தியாசம் 1.5-க்குள். பிரீதரை (இன்ஜினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் குழாய்) தனி கேனுக்குத் திருப்பினேன், மாற்றமில்லை. டர்போவுக்குப் புது பேரிங், சீல் கிட் போட்டும் 200 கிமீயில் அதே புகை. ஃபீடில் (டர்போவுக்கு ஆயில் வரும் குழாய்) ஆயிலைக் குறைக்க 1.5 மிமீ துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வைத்தால் புகை பாதியானது. ஆனால் இது ஜர்னல் பேரிங் (ஆயில் படலத்தின் மேல் ஷாஃப்ட் சுழலும் வகை) டர்போ, ஆயில் பட்டினி கிடந்தால் ஷாஃப்ட் போய்விடும் என்று உடனே கழற்றிவிட்டேன். 15டபிள்யூ-40 ஆயில், சூட்டில் ஐடில் பிரஷர் 1.2 பார்.

எனக்குச் சந்தேகம் டிரெயின் (டர்போவிலிருந்து ஆயில் திரும்பி இறங்கும் குழாய்) மேல்தான். உள்விட்டம் 12 மிமீ, சம்ப்பில் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்குக் கீழே வெல்டு செய்தது. ஆயில் இறங்க வழியில்லாமல் டர்போவுக்குள்ளேயே தேங்குகிறது. மட்டத்துக்கு மேலே கொண்டுபோகப் பார்த்தால் இன்ஜின் மவுண்ட் குறுக்கே நிற்கிறது.

483-ல் டர்போ ஏற்றியவர்கள் 16 மிமீ டிரெயினை பிளாக்கில் சரியாக எந்த இடத்தில் இறக்கினீர்கள்?