மறு: கார் விளக்கு ‘ஃப்ளிக்கர்’ - சிமிட்டல் என்பது பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கார் பழுதுபார்ப்புக் கையேட்டுக்கான சொற்பட்டியலில், விளக்கு நிலையாக எரியாமல் தடுமாறும் ‘ஃப்ளிக்கர்’ என்ற பழுதுக்குச் ‘சிமிட்டல்’ என்று பரிந்துரைத்திருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. சிமிட்டுவது வேண்டுமென்றே செய்வது. இண்டிகேட்டர் சிமிட்டத்தான் வேண்டும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை என்று ஐ.நா. வாகன விதியே வரம்பு வைத்திருக்கிறது. அந்தச் சொல்லையே பழுதுக்கும் வைத்துவிட்டால், “இண்டிகேட்டர் சிமிட்டுகிறது” என்று படிக்கிற தொழிற்பயிற்சி மாணவருக்கு அது வேலை செய்கிறதா, கெட்டுப்போயிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? சிமிட்டலை இண்டிகேட்டருக்கே விட்டுவிடுவோம்.

மாற்றாகத் ‘துளங்கல்’ (நடுங்குதல்) எனலாமா என்றால், அது நல்ல பழந்தமிழ்ச் சொல். ஆனால் காதில் விழும்போது அது ‘துலங்கல்’ ஆகிவிடும். நடுங்குகிற விளக்கும் பளிச்சென்று எரிகிற விளக்கும் ஒரே ஒலியில் வந்தால் பட்டறையில் சிக்கல்தான்.

என் வாதம் வேறு. இங்கே ஒரு சொல் போதாது. வண்டியைக் கொண்டுவருகிறவர் “லைட்டு விட்டு விட்டு எரியுது” என்பார். இன்னொருவர் “ஆக்ஸிலேட்டர் கொடுத்தா பிரைட்டாகுது, விட்டா டிம்மாகுது” என்பார். கேட்ட மாத்திரத்தில் எலெக்ட்ரீஷியனின் கை முதல் ஆளுக்கு வயரை நோக்கிப் போகும், இரண்டாம் ஆளுக்கு டைனமோவை (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை) நோக்கிப் போகும். பேச்சுத்தமிழ் ஏற்கெனவே பிரித்து வைத்திருப்பதைக் கலைச்சொல் ஏன் ஒன்றாக்க வேண்டும்?

அணையாமல், ஒளி மட்டும் ஏறி இறங்கினால் ‘ஒளியலைவு’ என்போம். அலைவு பள்ளி இயற்பியலில் எல்லாரும் படித்த சொல். எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். அங்கே நிற்காமல் ஏறி இறங்கினால் பெல்ட், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், டைனமோவுக்குள் மாறுமின்சாரத்தை (ஏ.சி.) நேர்மின்சாரமாக்கும் டையோடுகள் என்று வரிசையாகப் பார்க்க வேண்டியதுதான். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் வைத்து, அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடு மேல் சந்தேகம் வரும். இழை பல்பில் இந்த அலைவு ஏன் இவ்வளவு கண்ணில் படுகிறது என்றால், மின்னழுத்தம் 5 சதவீதம் இறங்கினாலே ஒளி ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்துவிடும்.

மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது முற்றாக அணைந்து எரிந்தால் ‘விட்டெரிதல்’. இதில் பெரும்பாலும் குற்றவாளி எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புவதற்காக வயரை பாடித் தகட்டோடு போல்ட் போட்டு இணைத்திருக்கும் இடம். ஹெட்லைட்டின் 55 வாட் பல்பு ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கும். எர்த் போல்ட்டின் அடியில் துரு பிடித்து 0.1 ஓம் தடை வந்தாலே அரை வோல்ட் அங்கேயே போய்விடும். போல்ட் தளர்ந்து ஆடினால் அது நொடிக்கு நொடி மாறும். சோதிக்கும் முறையைக் கையேட்டில் விரிவாகவே எழுத வேண்டும்: விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றொன்றை பல்பு ஹோல்டரின் எர்த் வயரிலும் வைத்து, வயரை ஆட்டிப் பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அந்தப் போல்ட்டையும் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போய் வெள்ளைத் தகடு தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும். பல்பை மாற்றி மாற்றிப் பணம் செலவழிக்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இந்த ஒரு பத்தி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தாலே போதும்.

மூன்றாவது, எல்.இ.டி. மாட்டிய பிறகு வரும் வேகமான அதிர்வு. புதிய வண்டிகள் சிலவற்றில் பல்புக்கு மின்சாரம் தொடர்ச்சியாகப் போவதில்லை, துண்டு துண்டாகப் போகிறது. பழைய பல்பின் இழை சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் இடைவெளி தெரியாது, எல்.இ.டி. அந்தக் கணமே அணைந்துவிடும். இதற்கு ‘ஒளித்துடிப்பு’ பொருந்தும். இது வயரிங் பழுதே இல்லை. இந்தத் துண்டு மின்சாரத்தைச் சமன்செய்ய, கடையில் ‘கேன்பஸ் டிகோடர்’ என்று விற்பதை எல்.இ.டி.க்கும் வண்டியின் வயருக்கும் இடையில் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். விட்டெரிதல் என்று நினைத்து எர்த்தைத் தோண்டினால் ஒரு நாள் வீண்.

பொதுத் தலைப்பு வேண்டுமென்றால் ‘நிலையற்ற ஒளி’ என்று எழுதினால் போதும், அதற்குத் தனிச்சொல் தேவையில்லை.

எர்த்துக்குப் பட்டியலில் ‘புவித்தொடுப்பு’ என்று இருக்கிறது. வீட்டு மின்சாரத்துக்குச் சரி. ரப்பர் டயர் மேல் நிற்கும் காரில் மின்சாரம் பாடியின் தகடு வழியாக பேட்டரிக்குத் திரும்புகிறது, மண்ணுக்குப் போவதில்லை. ‘உடல்தொடுப்பு’ என்று மாற்றி, அடைப்புக்குறிக்குள் எர்த் என்று போடலாம் என்பது என் கருத்து. இலங்கை நண்பர்கள் அங்குள்ள கராஜ்களில் இதை என்னவென்று சொல்கிறார்கள் எனக் கேட்டு எழுதினால், அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.