பயணத்தில் முன்பின் தெரியாதவருக்கு உதவுவது: எங்கே தவறு நடக்கிறது?

வழித்துணை கேட்டது:
ரயில், பேருந்து, விமானம் எதில் போனாலும் பக்கத்தில் இருப்பவருக்குச் சின்னதாக உதவ வேண்டிய நேரம் வரும். பார்வையற்றவரை வேறு நடைமேடைக்கு அழைத்துப் போவது, வீல்சேரைத் தள்ளுவது, பெட்டியை மேலே ஏற்றிக் கொடுப்பது, வாந்தி வருபவரைக் கவனிப்பது போன்றவை. மனசு இருந்தால் போதும் என்கிறார்கள். ஆனால் முறை தெரியாமல் செய்தால் அவருக்கே அது இடைஞ்சல், சில நேரம் ஆபத்து. செய்முறை தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.

வெண்கோல் பதில்:
பார்வையற்றவர் விஷயத்தில் பெரும்பாலானோர் செய்யும் தவறு ஒன்றுதான்: அவர் கையைப் பிடித்து இழுப்பது. நீங்கள் அவரைப் பிடிக்கக் கூடாது, அவர்தான் உங்களைப் பிடிக்க வேண்டும்.

முதலில் பேசுங்கள். "எந்த நடைமேடைக்குப் போகணும்? கூட வரட்டுமா?" என்று கேட்டால் போதும். கூட்டத்தில் யாரிடம் பேசுகிறீர்கள் என்று அவருக்குப் புரியாது. புறங்கையை லேசாகத் தொட்டுக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

சரி என்றால் உங்கள் முழங்கையை அவர் கைக்கு எட்டும்படி நீட்டுங்கள். முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்வார். நீங்கள் அரை அடி முன்னால் நடந்தால் திரும்புவதும் ஏறுவதும் இறங்குவதும் உங்கள் உடல் வழியாகவே அவருக்கு முன்கூட்டித் தெரிந்துவிடும். பின்னாலிருந்து தள்ளினால் பள்ளம் எங்கே என்பதை அவர் கால்தான் முதலில் கண்டுபிடிக்கும். கோலைத் தொடாதீர்கள். வழிகாட்டி நாய் இருந்தால் அதன் கயிற்றைப் பிடிக்காமல், தடவிக் கொடுக்காமல், மறுபக்கம் நில்லுங்கள்.

படி வந்தால் விளிம்பில் நின்று, ஏறும் படியா இறங்கும் படியா, கைப்பிடி எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு ஒரு படி முன்னால் போங்கள். கடைசிப் படியில் மறுபடி நின்று "முடிஞ்சது" என்று சொல்லுங்கள். இல்லாத படியைத் தேடிக் கால் வைத்துத் தடுமாறுவது அங்கேதான். குறுகலான வழியில் உங்கள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் அவரும் உங்கள் பின்னால் வந்துவிடுவார். "இங்கே", "அங்கே" என்ற சொற்கள் அவருக்குப் பயன்படாது. "உங்க வலது பக்கம் இரண்டு அடியில்" என்று சொல்லுங்கள். ரயில் ஏறும்போது இடைவெளி எவ்வளவு, பெட்டியின் தரை எவ்வளவு உயரம் என்பதையும் சொல்ல வேண்டும். உட்கார வைக்கத் தோளை அழுத்தாதீர்கள். உங்கள் கையை இருக்கையின் முதுகில் வைத்தால் அவர் அதைத் தடவி, தானே உட்காருவார்.

பலரும் மறப்பது விடைபெறுவதை. சொல்லாமல் போனால் ஆளில்லாத இடத்தைப் பார்த்து அவர் பேசிக்கொண்டிருக்க நேரும். திறந்த வெளியில் விடாமல், சுவரையோ கம்பியையோ தொட்டு நிற்கும்படி விட்டுச் செல்லுங்கள்.

சக்கரம் பதில்:
வீல்சேருக்கும் அதே விதிதான்: கேட்காமல் தொடாதீர்கள். கூட வந்தவரிடம் கேட்காமல், உட்கார்ந்திருப்பவரிடமே கேளுங்கள்.

நகர்த்தும் முன் இரண்டு பாதமும் கால்பலகையில் இருக்கின்றனவா, துணி சக்கரத்தில் சிக்குமா என்று பாருங்கள். பிறகு பிரேக்கை எடுத்துவிட்டு "நகர்த்துறேன்" என்று சொல்லுங்கள்.

தூக்க வேண்டி வந்தால் கைதாங்கியையோ கால்பலகையையோ பிடிக்கவே கூடாது. பல வீல்சேர்களில் அவை கழற்றக்கூடியவை. பாதி தூக்கும்போது கையோடு வந்துவிட்டால் ஆள் விழுந்துவிடுவார். வீல்சேரின் கழற்ற முடியாத சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். எந்த இடத்தில் என்பதை அவரே சொல்வார். சின்ன மேட்டில் ஏற, பின்பக்கம் கீழே நீண்டிருக்கும் கம்பியைக் காலால் மிதித்து முன்சக்கரங்களை உயர்த்தி மேட்டில் வையுங்கள். பின்சக்கரம் மேட்டில் முட்டியதும் தள்ளி ஏற்றுங்கள். இறங்கும்போது திருப்பிக்கொண்டு, பின்சக்கரம் முதலில் இறங்க வேண்டும். செங்குத்தான சரிவிலும் பின்பக்கமாகத்தான். முகம் கீழே பார்க்க இறக்கினால் முன்னால் சரிந்து விழ வாய்ப்பு உண்டு.

முழுப் படிக்கட்டு என்றால் நீங்களாக முயலாதீர்கள், பணியாளரை அழையுங்கள். பேட்டரி வீல்சேர் 100 கிலோவுக்கு மேலும் இருக்கலாம். நின்றதும் பிரேக் போடுங்கள். உங்கள் பையைக் கைப்பிடியில் மாட்டாதீர்கள். அவர் எழும்போது நாற்காலி பின்னால் கவிழலாம்.

மேல்தட்டு பதில்:
பெட்டி ஏற்றுவது பற்றி. மருந்து, கண்ணாடி, பாஸ்போர்ட் ஏதாவது வழியில் தேவைப்படுமா என்று முதலில் கேளுங்கள். தரையிலிருந்து ஒரே வீச்சில் தூக்காமல் இருக்கை, மார்பு, தட்டு என்று மூன்று நிலையாக ஏற்றுங்கள். தூக்கிய நிலையில் இடுப்பைத் திருப்பாதீர்கள். சக்கரப் பக்கம் உள்ளே போகட்டும். ஏற்றியவருக்கு இறக்கும் பொறுப்பும் உண்டு. அவருக்கு முன்பே நீங்கள் இறங்குவதாக இருந்தால் பெட்டியைக் கீழேயே வைக்க வழி பாருங்கள்.

உதவக் கூடாத இடமும் ஒன்று உண்டு. பாதுகாப்புச் சோதனை, சுங்கச் சோதனை வழியாகத் தெரியாதவர் பெட்டியை உங்களுடையதாக எடுத்துப் போகாதீர்கள். உள்ளே எது இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். நீங்கள் அவர் கூடவே நடந்து போகலாம், பணியாளரைக் கூப்பிட்டுத் தரலாம்.

போன் அணைந்துபோனவருக்கு எண்ணைக் கேட்டு நீங்களே அழைத்து, ஸ்பீக்கரில் பேசச் சொல்லுங்கள். பவர் பேங்க் கொடுத்தால் போன் அவர் கண்ணெதிரே இருக்கட்டும். விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. பவர் பேங்கின் மேல் எழுதியிருக்கும் எம்ஏஎச் கணக்கில், 3.7 வோல்ட்டுக்கு அது ஏறக்குறைய 27,000.

வழித்துணை:
மூவருக்கும் நன்றி. வாந்தி, மயக்கம் பற்றி யாராவது சொல்வீர்களா? கையில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்கலாமா?

முதலுதவி பதில்:
கொடுக்காதீர்கள். பயண வாந்திக்கான மாத்திரைகள் பல தூக்கம் வரவைப்பவை. கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு உள்ளவர்களுக்குச் சில தீங்கு செய்யும். புறப்படும் முன் போட்டால்தான் பலன். வாந்தி தொடங்கிய பிறகு வயிற்றில் தங்குவதே சந்தேகம்.

உள்காது அசைவை உணர்கிறது, கண்ணோ அசையாத புத்தகத்தையோ போனையோ பார்க்கிறது. அந்த முரண்தான் குமட்டல். அதனால் போனை வைக்கச் சொல்லிவிட்டு உங்கள் ஜன்னல் இருக்கையைக் கொடுங்கள், தூரத்தைப் பார்க்கட்டும். பேருந்தில் முன்பக்கம், ரயிலில் வண்டி போகும் திசையைப் பார்க்கும் இருக்கை, விமானத்தில் இறக்கைக்கு அருகே ஆட்டம் குறைவு. வாந்தி எடுக்க ஒரு பையை முன்கூட்டியே திறந்து கையில் கொடுங்கள்.

மயங்கியவரை உட்கார வைக்காதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். முழு நினைவு வரும்வரை வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சில நிமிடங்களில் தெளியாவிட்டாலோ நெஞ்சுவலி என்றாலோ உடனே மருத்துவ உதவி கேளுங்கள். வலிப்பு என்றால் அழுத்திப் பிடிக்காமல், வாயில் எதையும் திணிக்காமல், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து நேரத்தைப் பாருங்கள். அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் அவசர உதவியை அழைத்தே ஆக வேண்டும்.

நிறுத்தம் பதில்:
வழி சொல்வதை யாரும் தொடவில்லை. உறுதியாகத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். ஊகித்துச் சொன்ன வழியில் போனவர் திரும்பி வந்து கேட்க நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். தெரிந்தால் எத்தனையாவது நிறுத்தம், அதற்கு முந்தைய நிறுத்தத்தின் பெயர் என்ன, இரண்டையும் சொல்லுங்கள். முந்தைய பெயர் தெரிந்தால் எழுந்து தயாராக நேரம் கிடைக்கும். மொழி தெரியாதவருக்கு இறங்கும் இடத்தின் பெயரை உள்ளூர் எழுத்தில் தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்தவரிடம் அதைக் காட்டிக் கேட்டுக்கொள்வார்.