ஏற்காடு ஏறினால் மட்டும் இன்ஜின் சூடாகிறது, ஹெட் கேஸ்கெட்டாக (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) இருக்குமா?

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2011 மாடல் பெட்ரோல் கார், 96,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சேலம் டவுனுக்குள் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதில்லை, ஆனால் ஏற்காடு மலையில் ஏழெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறியதுமே மளமளவென்று சிவப்புக்குப் போய்விடுகிறது. போன ஞாயிறு அம்மாவும் குழந்தையும் வண்டியில் இருந்தார்கள். ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான் கிளம்பினோம், அன்றிலிருந்து பயமாகவே இருக்கிறது.

வீட்டில் பார்த்த வரைக்கும் ஃபேன் சரியாகச் சுற்றுகிறது, ஆயில் ஸ்டிக்கிலும் பால் கலந்த மாதிரி எதுவும் இல்லை. ஆனால் கூலன்ட் வாரத்துக்கு அரை லிட்டர் குறைகிறது, ராத்திரி முழுக்க அடியில் அட்டை விரித்து வைத்தும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதைவிட உறுத்துவது இதுதான்: காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போதே, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கினால் கல் மாதிரி விறைப்பாக இருக்கிறது. சிலிண்டர் புகை கூலன்ட்டுக்குள் கசிந்து அழுத்தம் நிற்கிறதோ என்று சந்தேகம்.

மெக்கானிக் ஒருவர் தெர்மோஸ்டாட்டை (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) கழற்றிவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை, உள்ளே துரு பிடித்தால் அப்புறம் ரேடியேட்டரும் போய்விடும்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி வரும் என்கிறார்கள். அது உள்ளே சிக்கிய காற்றா, சிலிண்டரிலிருந்து வரும் புகையா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? புகை பட்டால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் டெஸ்ட் திரவம் சேலம், ஈரோடு பக்கம் எங்கே கிடைக்கும்? ஹெட்டைக் கழற்றிய அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள், அதுவரை வண்டியை எடுக்கப்போவதில்லை.