பால்மா ரெகாட்டா, இல்கா 6: முதல் தடவை இந்திய அணியில். எதில் கவனம் வைப்பது?

நெய்தல்19

வணக்கம். மார்ச் கடைசியில் ஸ்பெயினின் பால்மாவில் நடக்கும் பிரின்சஸ் சோஃபியா ரெகாட்டாவுக்கு, இல்கா 6 (ஒருவர் ஓட்டும் சிறு பாய்மரப் படகு) பெண்கள் பிரிவில் இந்திய அணியில் என் பெயர் வந்திருக்கிறது. இதுவரை சென்னைத் துறைமுகம், மும்பை, ஹைதராபாத் ஹுசைன் சாகர், இவ்வளவுதான். 30 படகுக்கு மேல் நிற்கும் ஸ்டார்ட் லைனில் நின்றதே இல்லை. படகு அங்கேயே வாடகைக்கு எடுக்கிறோம். கோச் ஒருவர்தான், அவர் இன்னொரு பிரிவையும் பார்க்க வேண்டும்.

வாடகைப் படகில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? இங்கிருந்து என்ன கொண்டுபோக வேண்டும்? யு கொடி, மஞ்சள் கொடி இரண்டும் அங்கே கடுமை என்கிறார்கள். நடைமுறையில் எப்படி இருக்கும்? என் எடை 61 கிலோ.

கயிறும் பாயும்

வாழ்த்துகள்மா. படகைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மற்றதை இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

வாடகைத் தாளில் கையெழுத்துப் போடும் முன் படகின் உடலை, அதாவது ஹல்லைச் சுற்றிப் படம் எடுத்துவிடுங்கள். அடிப்பாகம், ஓரம், ரடர் (சுக்கான்) மாட்டும் இரும்பு, எல்லாம். முன்பணம் கட்டியிருப்பீர்கள், பழைய கீறலுக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்து மாஸ்ட் (பாய்மரம்) நிற்கும் குழி. அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, பென்சிலால் கோடு போட்டு, 15 நிமிடம் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் அந்தப் படகு வேண்டாம், மாற்றித் தரச் சொல்லுங்கள். குழியின் அடி கசிந்தால் தண்ணீர் ஹல்லுக்குள் இறங்கிப் படகு கனக்கும். அதைவிட மோசம், பலத்த காற்றில் அந்த இடமே விட்டுப்போகும். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்ததும் பின்பக்க அடைப்பானைத் திறந்து எவ்வளவு தண்ணீர் வடிகிறது என்றும் பாருங்கள். ஒரு டம்ளருக்கு மேல் வந்தால் காரணத்தைத் தேடணும். பெரும்பாலும் தண்ணீர் வெளியேற்றும் பெய்லரின் வாஷராக இருக்கும்.

கீழ் மாஸ்ட் அலுமினியம் என்றால் சமதரையில் உருட்டுங்கள். வளைந்திருந்தால் துள்ளும். ரடர் முழுதாகக் கீழே இறங்குகிறதா, ஆட்டம் இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள்.

இங்கிருந்து கொண்டுபோக வேண்டியது: பாய், பாய்க் குச்சிகள், டில்லர் (சுக்கான் பிடி), அதன் எக்ஸ்டென்ஷன், வெளியே சாயும்போது காலை மாட்டும் ஹைக்கிங் பட்டை, திசைகாட்டி, எல்லாக் கயிறுகளும். வாடகைப் படகோடு வரும் கயிறு யாரோ தேய்த்த கயிறு. பாயை இழுக்கும் மெயின்ஷீட் 6 அல்லது 7 மி.மீ., சுமார் 13 மீட்டர். டிராவலருக்கு நீளாத டைனீமா. பாயின் வடிவை மாற்றும் வாங், கன்னிங்ஹாம், அவுட்ஹால் கயிறுகள் மூன்றுக்கும் ஒரு மாற்றுச் செட் முடிச்சுப் போட்டே எடுத்து வையுங்கள். கவிழ்ந்தால் மாஸ்ட் கழன்று வராமல் கட்டும் கயிறு கட்டாயம். சோதனையில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஷாக்கிள், ரிவெட், பசை டேப், அளவு நாடா ஒரு டப்பாவில்.

பாயில் நாட்டு எழுத்து, எண், பெண்கள் பிரிவுக்கான சிவப்பு டயமண்ட், தேசியக் கொடி ஸ்டிக்கர் இவை எந்த உயரத்தில், எவ்வளவு இடைவெளியில் என்று கிளாஸ் விதியில் படம் இருக்கும். வீட்டிலேயே சமதரையில் விரித்து ஒட்டிவிட்டுப் போங்கள். அங்கே ஈரக்காற்றில், புல்தரையில் ஒட்டினால் சுருக்கம் விழும். ஒரு போட்டிக்கு ஒரே பாய்தான் பதிவாகும், மாற்ற வேண்டுமென்றால் கமிட்டியின் அனுமதி வேண்டும். அதனால் பயிற்சிக்குப் பழைய பாய், போட்டிக்குப் புதியது.

பின்_எண்ட்

கயிறு அண்ணன் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் முதல் முறை போகிறவர்களின் புள்ளி படகால் போவதில்லை, ஸ்டார்ட்டில் போகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இல்கா 6-இல் நிறையப் படகுகள் வருவதால் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவில் 60 படகு என்று வையுங்கள். யு.எஃப்.டி. (யு கொடித் தகுதி நீக்கம்) வாங்கினால் 61 புள்ளி, குறைந்த புள்ளிதான் நல்லது. லைனுக்கு ஒரு படகு நீளம் பின்னால் கிளம்பி, மோசமாக ஓட்டி 42-ஆவதாக வந்தால் 42 தான். ஒரு யு.எஃப்.டி.யைக் கழிவு ரேஸில் (மொத்தத்தில் சேராத மோசமான ரேஸ்) தள்ளலாம். இரண்டாவது அப்படியே மொத்தத்தில் நிற்கும், அதோடு முன்னணியினரின் கோல்டு குழு கனவு முடிந்தது.

யு கொடி ஏறியிருந்தால் கடைசி ஒரு நிமிடத்தில் லைனின் இரு முனையும் முதல் மார்க்கும் சேர்ந்த முக்கோணத்துக்குள் ஹல்லின் எந்தப் பகுதியும் போகக்கூடாது. போனால் திரும்பி வந்தாலும் பயனில்லை, விசாரணையும் கிடையாது. எல்லோரையும் திரும்ப அழைக்கும் ஜெனரல் ரீகால் ஆகி மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால் அந்தத் தவறு போய்விடும், நீங்கள் ஓட்டலாம். கறுப்புக் கொடியில் அந்த இரக்கம் இல்லை. ரீகாலுக்குப் பிறகு உங்கள் எண்ணைப் பலகையில் எழுதிக் காட்டுவார்கள், நீங்கள் வெளியே போயே ஆக வேண்டும். ரீகால் ஆன ஒவ்வொரு முறையும் அடுத்து எந்தக் கொடி ஏறுகிறது என்று பாருங்கள்.

60 படகுக்கு லைன் ஏறக்குறைய 350 மீட்டர் இருக்கும். நடுவில் நிற்பவர்களுக்கு லைன் எங்கே என்றே தெரியாது, பயத்தில் எல்லோரும் பின்வாங்க நடுப்பகுதி தொய்ந்துபோகும். கரையில் குறி பார்த்து வைத்தவருக்கு அங்கே ஒரு படகு நீளம் இனாம். பால்மாவில் பகல் காற்று தென்மேற்கு என்றால் லைன் வடமேற்கு–தென்கிழக்காகக் கிடக்கும். லைனின் ஒரு முனையில் நிற்கும் கமிட்டி படகுக்கு வெளிப்பக்கம் போய், மறுமுனை மிதவைக்கு (இதைத்தான் 'பின் எண்ட்' என்பார்கள்) நேர் பின்னால் தென்கிழக்குக் கரையில் ஒரு கட்டடத்தையோ பாறையையோ பிடியுங்கள். அந்த மிதவைக்கு வெளிப்பக்கம் போய், கமிட்டி படகுக்குப் பின்னால் பால்மா நகரில் இன்னொன்று. இரண்டு குறியும் வேண்டும், ஒரு பக்கத்தைப் பக்கத்துப் பாய் மறைத்துவிடும். மிதவையை நகர்த்தினால் குறி செத்துப்போச்சு, மறுபடி பாருங்கள்.

லைன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத் திசைகாட்டியில் அளந்து பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். 350 மீட்டர் லைனில் 5 டிகிரி சாய்வு என்றால் ஒரு முனை மற்றதைவிட 30 மீட்டர் காற்றுக்கு அருகே இருக்கிறது, ஏழு படகு நீளம். ஆனாலும் நல்ல முனையிலேயே போய் நெருக்க வேண்டாம். அங்கே 20 பேர் மோதிக்கொள்வார்கள். அதிலிருந்து கால்பங்கு தள்ளி நின்று, கீழ்க்காற்றுப் பக்கம் ஒன்றரைப் படகு இடைவெளியைக் காப்பாற்றுங்கள். அந்த இடைவெளியில் யாராவது நுழையப் பார்த்தால் படகின் மூக்கை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாலே பாதிப் பேர் வேறு இடம் தேடிப் போவார்கள்.

நின்ற படகு முழு வேகம் எடுக்க எத்தனை நொடி? உங்களுக்கு 7 என்றால் 7-இல் இழுங்கள். அலை இருக்கும்போது இரண்டு நொடி கூடும். பயிற்சி நாட்களில் ஒரு மிதவை பக்கத்தில் நின்று நாளுக்கு இருபது தடவை இதைச் செய்து பாருங்கள்.

விதி42

மஞ்சள் கொடி பற்றி. காற்றையும் அலையையும் விட்டு உடம்பாலோ டில்லராலோ பாயாலோ படகைத் தள்ளினால் வருவது அது. ஜூரி படகு உங்கள் பின்னாலேயே வரும். விசில், மஞ்சள் கொடி, உங்கள் பாய் எண், மூன்றும் வந்தால் விவாதமே வேண்டாம். மற்றவர்களை விட்டு விலகி உடனே இரண்டு சுற்று: ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டாக் (மூக்கு காற்றைக் கடக்கத் திரும்புவது), ஒரு ஜைப் (பின்புறம் காற்றைக் கடக்கத் திரும்புவது). "நான் செய்யவில்லை" என்று யோசித்துக்கொண்டே 200 மீட்டர் போனால், சுற்றினாலும் தாமதம் என்று தகுதி நீக்கம் வரும். அதே போட்டியில் இரண்டாம் தடவை வந்தால் அந்த ரேஸிலிருந்து விலக வேண்டும்.

நம் பக்கத்து ஓட்டிகள் மாட்டுவது மூன்று இடத்தில்.

ஸ்டார்ட்டுக்கு முன் டில்லரை வலுவாக மாறி மாறி அடித்து (இதுதான் ஸ்கல் செய்வது) இடத்தைத் தக்கவைப்பது. படகு காற்றுக்கு மிக நேராக நின்று, அநேகமாக ஓடாமல் இருந்தால், காற்றை எதிர்த்து ஓடக்கூடிய க்ளோஸ் ஹால்டு கோணத்துக்குத் திரும்புவதற்காக ஒரு பக்கமாக ஸ்கல் செய்யலாம். அப்படிச் செய்துவிட்டு அதைச் சமன்செய்ய மறுபக்கம் ஸ்கல் செய்தால் கொடி.

மெல்லிய காற்றில் டாக் முடிந்ததும் உடம்பை எறிந்து படகை நிமிர்த்துவது. டாக்குக்காக உடம்பால் படகைச் சாய்க்கலாம் (ரோல்). டாக் செய்யாமலே போயிருந்தால் இருந்திருக்கும் வேகத்தைவிடக் கூடுதலாக வெளியே வந்தால் தவறு.

காற்றோடு போகும்போது ஒரே அலைக்கு இரண்டு தடவை ஷீட்டை இழுப்பது. அலையில் சர்ஃப் செய்யவோ, தண்ணீரின் மேல் வழுக்கி ஓடும்படி பிளேன் செய்யவோ வாய்ப்பிருக்கும் போது அலைக்கு ஒன்று, சூறைக்கு ஒன்று, அவ்வளவுதான். காற்றை எதிர்த்து ஓடும் பீட்டில் அதுவும் கிடையாது.

புரொட்டெஸ்ட் (இன்னொரு படகு விதி மீறியதாகப் புகார்): உங்கள் படகு 6 மீட்டருக்குக் குறைவு, அதனால் சிவப்புக் கொடி தேவையில்லை. ஆனால் "புரொட்டெஸ்ட்" என்ற அந்தச் சொல்லை உடனே சத்தமாகச் சொல்லியே ஆக வேண்டும். "ஹே! ஸ்டார்போர்டு!" என்று கத்தியது கணக்கில் வராது. ஃபினிஷில் கமிட்டியிடம் யாரை என்று சொல்லச் சொல்லியிருக்கிறதா என்று செயிலிங் இன்ஸ்ட்ரக்‌ஷனில் பாருங்கள். கரை சேர்ந்ததும் கெடு நேரத்தை எழுதி வையுங்கள், அது தவறினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கேட்க மாட்டார்கள். விசாரணை ஆங்கிலத்தில் நடக்கும். அழகான ஆங்கிலம் தேவையில்லை. காற்று எத்தனை நாட், எந்த டாக், எத்தனை படகு நீளம் இடைவெளி, யார் திசையை மாற்றினார்கள், இந்த வரிசையில் சின்னச் சின்ன வாக்கியம். மேஜையில் பொம்மைப் படகு இருக்கும், நகர்த்திக் காட்டுங்கள். பார்த்த சாட்சி இருந்தால் அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்19

மிக்க நன்றி. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். இன்னும் இரண்டு: குளிர் எப்படிச் சமாளிப்பது? கூடுதலாக ஒரு ஜாக்கெட் போட்டால் எடையும் கொஞ்சம் கூடுமே என்று நினைத்தேன். பால்மாவின் கடற்காற்றான எம்பாட் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

அலைவாய்_டாக்டர்

எடைக்காக உடுப்பு வேண்டாம். உடுப்பும் சாதனங்களும் சேர்ந்து 8 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது ரேஸ் விதி. அது காய்ந்த எடை இல்லை. நன்றாக நனைத்து, ஒரு நிமிடம் வடியவிட்டு நிறுப்பார்கள். பருத்தி பனியன், தடித்த ஜாக்கெட் எல்லாம் தண்ணீரைக் குடித்து எடையை ஏற்றும். வீட்டில் வாளியில் முக்கி, வலையில் வடியவிட்டு ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள்.

ஏப்ரல் தொடக்கத்தில் பால்மா கடல் 15 டிகிரி அளவில் இருக்கும். நம் கடலில் 28-இல் ஓட்டியவருக்கு முதல் இரண்டு நாள் விரல் மரத்துப்போகும், முடிச்சு போட முடியாது. 3 மி.மீ. முழு வெட்சூட், அதன் மேல் பட்டை வைத்த ஹைக்கிங் பேன்ட், காற்று புகாத ஸ்ப்ரே டாப், நியோபிரீன் காலுறை, தொப்பி. குளிர் அடிப்பது ஓட்டும்போது இல்லை, இரண்டு ரேஸுக்கு நடுவே காத்திருக்கும்போது. கோச் படகில் உலர்ந்த மேலாடை ஒன்று பையில் இருக்கட்டும். தயாரிப்புச் சிக்னலிலிருந்து அந்த ரேஸ் முடியும்வரை கோச் படகு களத்துக்குள் வர முடியாது, அதனால் ஜாக்கெட் கழற்றுவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் வார்னிங் சிக்னலுக்கு முன்பே முடியணும். உங்கள் கோச் வேறு களத்தில் இருந்தால் இன்னொரு நாட்டுக் கோச் படகில் இடம் கேளுங்கள். சிறிய அணிகள் அப்படித்தான் சமாளிக்கின்றன, யாரும் தவறாக நினைப்பதில்லை.

கடலில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. வாழைப்பழம், பேரீச்சை, கடலைமிட்டாய் போதும். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் இரண்டு லிட்டர் தண்ணீரும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் காலியாகித்தான் திரும்ப வேண்டும்.

மருந்து மிக முக்கியம். சளிக்கு வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறது. போட்டி நாளில் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஊக்கமருந்துக் குற்றம். ஆஸ்துமா இன்ஹேலர் இருந்தால் அணி மருத்துவரிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டும். சால்பியூட்டமாலுக்கு 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600 என்ற வரம்பு உண்டு. உட்பொருள் எழுதாத லேகியம், புரோட்டீன் பவுடர் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள்.

பின்_எண்ட்

எம்பாட் நம் கொண்டல் மாதிரிதான். தீவின் உள்சமவெளி சூடானால்தான் கடலிலிருந்து காற்று கிளம்பும். காலையில் கரையில் ஏ.பி. (ஒத்திவைப்பு) கொடி ஏறி, மணிக்கணக்கில் உட்கார வைப்பார்கள். மேலே மேகம் மூடியிருந்தால் வராமலும் போகலாம். அந்தக் காத்திருப்பில் படகை விட்டுத் தூரம் போகாதீர்கள். கொடி இறங்கியதும் கிளம்ப எவ்வளவு நேரம் என்று செயிலிங் இன்ஸ்ட்ரக்‌ஷனில் இருக்கும். கிளம்பும்போதும் திரும்பும்போதும் கையெழுத்து அல்லது டிராக்கர் எடுக்க வேண்டியிருந்தால், அதை மறப்பதற்கும் தண்டனை உண்டு.

அந்த வளைகுடாவில் அலை குட்டையாக, செங்குத்தாக, ஒழுங்கில்லாமல் வரும். துறைமுகத்துக்குள் ஓட்டியவர்கள் தட்டையாக வைத்த பாயோடு போய் ஒவ்வொரு அலையிலும் நிற்பார்கள். பாயின் அடியில் இருக்கும் கட்டையான பூமுக்கும் பாய்க்கும் நடுவே நான்கு விரலைவிடக் கூட, ஒரு சாணுக்குக் குறைவாக இடைவெளி விடுங்கள். ஷீட்டை முழுக்க இழுத்துப் பூட்டாமல் கொஞ்சம் தளர்த்தி, மூக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் காப்பாற்றுங்கள். 61 கிலோவுக்கு 15 நாட் காற்றுக்கு மேல் கஷ்டம்தான், மறைக்கவில்லை. கன்னிங்ஹாமை இரக்கமில்லாமல் இழுத்து, வாங்கை இறுக்கி, படகு சாயும் முன்பே ஷீட்டை விடுங்கள். சாய்ந்த பிறகு விட்டால் ஏற்கனவே பக்கவாட்டில் போய்விட்டீர்கள்.

கயிறும் பாயும்

ஒன்று விட்டுப்போச்சு. ஐரோப்பியப் போட்டிகளில் மூன்றாம் நபர் பாதிப்புக் காப்பீடு கேட்பார்கள், தொகை போட்டி அறிவிப்பில் இருக்கும். நம் ஊர்ப் பயணக் காப்பீடு பலவற்றில் படகுப் போட்டி விலக்கு என்று சிறிய எழுத்தில் இருக்கும். விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேறு, இது வேறு. இரண்டையும் தனித்தனியாக எடுத்து அச்சிட்டு வையுங்கள். வேர்ல்டு செயிலிங் ஐ.டி. பதிவும் இப்போதே முடித்துவிடுங்கள்.

பால்மா முடிந்ததும் ஏப்ரலில் பிரான்சின் ஈயேர் போட்டி வரும். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கான கடைசி வாய்ப்புப் போட்டி நடந்ததும் அந்த ஈயேரில்தான், நேத்ரா குமணன் தகுதி பெற்றது அங்கேதான். அதற்கும் போவதாக இருந்தால் இரண்டு ஊருக்கும் ஒரே படகை வாடகைக்குத் தருவார்களா, ஃபெரிக்கு டிரெய்லரில் இடம் உண்டா என்று இன்றைக்கே மெயில் போடுங்கள். மார்ச்சில் கேட்டால் மிஞ்சியிருப்பது மாஸ்ட் குழி கசியும் படகுதான்.