இ.எல்.84 ஆம்புக்கு 300-0-300 டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாமா?

அல்சூர்வாசி:
இ.எல்.84 பவர் வால்வு நாலு, இ.சி.சி.83 சிறு வால்வு ரெண்டு போட்டு ஸ்டீரியோ ஆம்ப் கட்டுகிறேன். இ.எல்.84 நாலும் ஜாலஹள்ளி பி.இ.எல். (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) வால்வுகள், மாமாவின் பரணில் கிடந்தவை. ஒன்று போனாலும் மனசு தாங்காது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 300-0-300 (நடுமுனைக்கு இருபுறமும் 300 வோல்ட்) டிரான்ஸ்ஃபார்மர் தயாராகக் கிடைக்கிறது. "ஏ.சி.யை டி.சி. ஆக்க டயோடு போதும், வால்வு ரெக்டிஃபயரெல்லாம் வீண்" என்கிறார் கடைக்காரர். முதல் கெப்பாசிட்டர் 470 மைக்ரோஃபாரட் போட்டால் ஸ்பீக்கரில் ஹம் (உறுமல்) வராதுதானே?

சோல்டர்புகை:
வேண்டாம். டயோடு போட்டால் கெப்பாசிட்டர் ஏ.சி.யின் உச்சம் வரை ஏறும்; 300-ஐ 1.41-ஆல் பெருக்கிப் பாருங்கள், 420 வோல்ட்டைத் தாண்டும். லோடு ஏறினால் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். இ.எல்.84 ஆனோடின் (வால்வின் பாசிட்டிவ் தகடு) எல்லை 300 வோல்ட்.

பழையரேடியோ:
தம்பி, கெப்பாசிட்டரை அப்புறம் பார்க்கலாம். முதலில் ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டு பிளக்கில் மீட்டரை வைத்துப் பாருங்கள். எங்கள் தாசரஹள்ளியில் 248 காட்டும். 230-க்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில், வால்வைச் சூடேற்றும் 6.3 வோல்ட் ஹீட்டர் சப்ளை 6.8 ஆகிவிடும். என் முதல் ஆம்பில் இதைக் கவனிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் தோசைக்கல்லாகிவிட்டது, வார்னிஷ் வாசனை வீடெல்லாம். தப்பு என்னுடையதுதான், சுற்றியவருடையது இல்லை.

தயார் சரக்கை விட்டுவிட்டு, சுற்றித்தான் வாங்குங்கள். பிரைமரியில் (கரண்ட் உள்ளே வரும் சுற்று) 230, 250 என்று இரண்டு டேப் (இணைப்பு முனை) கேளுங்கள். ஹெச்.டி. (உயர் வோல்ட் சுற்று) 250-0-250, 250 மில்லி ஆம்பியர். ஹீட்டர் கணக்கு: இ.எல்.84 ஒன்றுக்கு 0.76 ஆம்பியர், இ.சி.சி.83 ஒன்றுக்கு 0.3. மொத்தம் 3.64 வருகிறது, 5 ஆம்பியராகவே கேளுங்கள்.

ரெக்டிஃபயர் வால்வு ஜி.இசட்.34. இ.இசட்.81 மலிவுதான், ஆனால் அதன் எல்லை 150 மில்லி ஆம்பியர். உங்கள் நாலு வால்வும் சும்மா நிற்கும்போதே அதைத் தொட்டுவிடும். ஜி.இசட்.34-க்குத் தனியாக 5 வோல்ட், 3 ஆம்பியர் சுற்று வேண்டும். அது மெதுவாகச் சூடேறும். டயோடு அப்படியில்லை, ஹீட்டர் சிவக்கும் முன்பே முழு வோல்ட்டையும் தள்ளும்.

470 போட்டால் ஜி.இசட்.34 செத்துவிடும். முதல் கெப்பாசிட்டர் 60-க்கு மேல் ஆகாது. நான் 47 போடுவேன், அடுத்து 5 ஹென்ரி சோக் (ஹம்மை வடிகட்டும் சுருள்), அதற்கப்புறம் 100. கெப்பாசிட்டர் எல்லாம் 450 வோல்ட். சோக்கை டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறுக்குவாட்டில், தள்ளி வையுங்கள்.

சோல்டர்புகை:
சார் சொன்னதோடு ஒன்று: தேங்கிய சார்ஜ் வடிய, கடைசி கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 220 கே (கிலோ ஓம்), 2 வாட் ரெசிஸ்டர் கட்டாயம். அணைத்த பிறகும் இரண்டு நிமிஷம் கை வைக்காதீர்கள். ஹம் வந்தால் காதால் பிரித்துப் பாருங்கள்: 100 ஹெர்ட்ஸ் என்றால் ஃபில்டர், 50 என்றால் பெரும்பாலும் ஹீட்டர் வயரிங் அல்லது கிரவுண்டு.

அல்சூர்வாசி:
நேற்று ராத்திரி அளந்தேன், 244. சார் சொன்னபடியே சுற்றக் கொடுத்துவிட்டேன், பத்து நாளாகும் என்கிறார்கள். அதுவரை பி.இ.எல். வால்வுகள் பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைக்கு நடுவில்.