துளைத்தட்டில் சேறு: எத்தனை சுற்று, எவ்வளவு கரன்ட்?

கொழும்பு அடுக்குமாடிகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிகளிலிருந்து இழுப்பது பெரும்பாலும் காற்றூட்டிய உபரிச் சேறு. அதில் பக்டீரியாவின் கலச்சுவர்தான் பூட்டு. சேற்றைக் காற்றில்லாமல் செரித்து மெதேன் வாயு எடுக்கும் தொட்டியான டைஜெஸ்டரில் அது தானாக உடைய நாட்கணக்காகும். அதை முந்தியே உடைக்க, சேற்றைத் துளைத்தட்டுக்குள்ளால் வேகமாகத் தள்ளினால் அழுத்தம் ஆவியழுத்தத்துக்குக் கீழே இறங்கிக் குமிழி பிறக்கும். தட்டைத் தாண்டி அழுத்தம் மீண்டதும் குமிழி நொறுங்கும். இதுதான் கவிட்டேஷன். அந்த அடியில் பக்டீரியாத் திரள் சிதறும், கலமும் கொஞ்சம் உடையும். முதல் தொட்டியில் படிகிற சேற்றுக்கு இது தேவையில்லை, அது சும்மாவே செரிக்கும்.

200 லீற்றர் பரலுக்கு ஒத்துவரும் அளவு: எஸ்.எஸ். 316 (துருப்பிடிக்காத உருக்கு) தட்டில் 4 மி.மீ. துளைகள் 10. துளையில் செக்கனுக்கு 20 மீற்றர் வேகம் வர மணிக்கு 9 கனமீற்றர் ஓட்டமும், தட்டுக்கு முன்னால் ஏறக்குறைய 5 பார் அழுத்தமும் வேண்டும். 30 பாகையில் ஆவியழுத்தம் 4.2 கிலோபாஸ்கல். அதன்படி கவிட்டேஷன் எண் 0.48. இந்த எண் 1க்குக் கிட்ட இறங்கும்போதுதான் குமிழி தொடங்கும். மிகவும் குறைத்தால் குமிழிகள் சேர்ந்து ஆவிப்பையாகி, நொறுங்கும் வேகம் போய்விடும்.

* * *

தம்பி, சரளைக்கல் உருளுகிற மாதிரிச் சத்தம் கேட்டால் அது எங்கேயிருந்து வருகுது என்று முதலில் பாருங்கோ. பம்பின் உறிஞ்சு பக்கமென்றால் உடைவது கலமில்லை, பம்புக்குள் சுழலும் இம்பெல்லர். உறிஞ்சு குழாய் 2 அங்குலத்துக்குக் குறையாமல், வளைவு குறைவாக, பரலின் அடியிலிருந்து வரவேணும். திரும்பி வரும் குழாயின் முனை சேற்றுக்குள் அமிழ்ந்திருக்கட்டும். மேலேயிருந்து கொட்டினால் காற்றுக் கலந்து குமிழியின் அடியை மெத்தையாக வாங்கிவிடும், நுரையும் பொங்கும்.

மயிரும் துணிநூலும்தான் பெரிய தொல்லை. முன்னால் 2 மி.மீ. சல்லடை கட்டாயம். மானியில் அழுத்தம் ஏறி ஓட்டம் குறைந்தால் அடைப்பு. அழுத்தம் இறங்கி ஓட்டம் கூடினால் மணல் துளை விளிம்பைத் தின்றுவிட்டது. ஆகவே தட்டை வெல்ட் பண்ணாமல் குழாய் முனைகளைப் போல்ட் போட்டு இணைக்கும் இரண்டு ஃபிளாஞ்சுக்கு நடுவே வையுங்கோ. பஞ்சிகாவத்தையில் லேத் பட்டறைக்குப் போனால் ஒரேயடியாக மூன்று தட்டு துளைத்து வாருங்கோ.

* * *

அண்ணை சொன்னதெல்லாம் சரி, கரன்ட் கணக்கு? பம்ப் 2.5 கிலோவாற் இழுத்தால், 200 லீற்றரை 20 சுற்று, அதாவது முழுப் பரலையும் 20 தடவை தட்டுக்குள்ளால் விட, 27 நிமிடம், 1.1 யூனிட். 2% சேற்றில் திண்மம் 4 கிலோ, அதில் 70% எரியக்கூடியது என்றால் 2.8 கிலோ. கிலோவுக்கு 200 லீற்றர் மெதேன் என்று வைத்தால் 560 லீற்றர். அது 20% கூடினாலும் மேலதிகம் 112 லீற்றர்தான். 35% திறனுள்ள ஜெனரேற்றரில் அது 0.4 யூனிட். 1.1 போட்டு 0.4 எடுக்கிற வியாபாரம்!

சேற்றை முதலில் 4%க்குத் தடிப்பாக்கி 5 சுற்றோடு நிறுத்தினால் செலவு 0.28 யூனிட், வாயு 10% கூடினாலே அதே 0.4 வந்துவிடும். தடித்த சேற்றில் பம்ப் கொஞ்சம் கூடத் திணறும், அதற்கு இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள். 20 சுற்று விடுகிறவர்கள் பெரும்பாலும் கரைந்த சீ.ஓ.டி.யை (நீரில் கரைந்த கரிமப்பொருளின் அளவு) பார்த்து மயங்கியவர்கள்.

* * *

அந்த மயக்கத்துக்கு மருந்து, சேற்றை மூடிய போத்தலில் செரிக்கவிட்டு வாயுவை அளக்கும் போத்தல் சோதனைதான். 37 பாகை, விதைச்சேறும் (ஓடுகிற டைஜெஸ்டரிலிருந்து எடுத்தது) சோதனைச்சேறும் எரியக்கூடிய திண்மக் கணக்கில் 2:1, ஒவ்வொன்றிலும் மூன்று போத்தல். கூடவே, கழித்துப் பார்க்க விதைச்சேறு மட்டும் போட்ட போத்தலும், விதைச்சேறு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க செலுலோஸ் போட்டதும். மூன்று நாள் தொடர்ந்து நாள் வாயு மொத்தத்தின் 1%க்குக் கீழே இருந்தால் நிறுத்தலாம். பல தடவை இறுதி அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே நிற்கும், வாயு முந்தி வருவது மட்டுமே வித்தியாசம். டைஜெஸ்டரில் 12-15 நாள் மட்டுமே சேறு தங்கும் இடத்தில் அது காசு. 30 நாள் தங்கும் இடத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

உடைந்த கலத்தின் நைதரசன் அமோனியாவாகி, பிழிந்த நீரோடு காற்றூட்டும் தொட்டிக்குத் திரும்பிப் போகும். நுண்துகள் கூடுவதால் பிழியும்போது துகளைத் திரட்டப் போடும் பொலிமரும் கூடுதலாகத் தேவைப்படும். அந்த இரண்டு செலவையும் மேலேயுள்ள 0.28 யூனிட்டோடு கூட்டிப் பாருங்கள்.